எல்லாரும் பரிசுத்தர் என்றால் ஆரோன் எதற்கு? கோராகின் கலகமும் அதைத் தொடர்ந்து வரும் ஒன்பது கட்டளைகளும்

கோராகு என்றால் மோசேக்கும் ஆரோனுக்கும் எதிராக எழுந்து, பூமி வாய் பிளந்து விழுங்கிய கலகக்காரன். தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்குப் பெரும்பாலும் இவ்வளவுதான் நினைவிருக்கும். அதே பகுதியை யூதர்கள் ஆண்டுதோறும் ஜூன் அல்லது ஜூலையில் வரும் ஓர் ஓய்வுநாளில் ஜெப ஆலயத்தில் வாசிக்கும்போது பேச்சு வேறு திசைகளுக்குப் போகிறது: தலைவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும், எந்தக் கருத்து வேறுபாடு நல்லது, தலைச்சன் பிள்ளைக்கு எத்தனை கிராம் வெள்ளி, நூறு கிலோ கோதுமையில் லேவியனுக்கு எவ்வளவு. தண்டனைக் கதை ஒன்றிலிருந்து இவ்வளவு எப்படி வந்தது என்ற குழப்பம் நியாயமானதே. கதையைப் பாதியில் நிறுத்திவிடுவதால்தான் அந்தக் குழப்பம் வருகிறது.

வாராந்தரப் பகுதி என்றால் என்ன?

மோசேயின் ஐந்து நூல்களுக்குத் தோரா என்று பெயர். அதை 54 பகுதிகளாகப் பிரித்து, வாரத்துக்கு ஒன்று வீதம் ஓர் ஆண்டில் வாசித்து முடிப்பார்கள். இரண்டு பகுதிகளைச் சேர்த்து வாசிக்கும் வாரங்களும் உண்டு. ஒவ்வொரு பகுதிக்கும் பராஷா என்று பெயர். பகுதியின் தொடக்கத்தில் வரும் ஒரு சொல்லே அதற்குப் பெயராகிவிடும். அப்படித்தான் 38ஆம் பகுதிக்குக் கலகம் செய்தவனின் பெயர் கிடைத்தது. அது ஒரு கௌரவம் அல்ல. கோராகுப் பகுதி எண்ணாகமம் 16, 17, 18 ஆகிய மூன்று அதிகாரங்கள், 95 வசனங்கள் கொண்டது.

தமிழில் படிப்பவர்கள் முதலில் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு.

1. வசன எண் பொருந்தாது. எபிரேயப் பதிப்பில் 16ஆம் அதிகாரம் 35 வசனங்களோடு முடிந்துவிடும். தமிழ் வேதாகமத்தில் அது 50 வசனம் வரை போகிறது. ஆகவே யூத உரைகளில் 17:5 என்று வருவதைத் தமிழில் 16:40இல் தேட வேண்டும். எபிரேய 17:16தான் தமிழில் 17:1. 18ஆம் அதிகாரத்தில் இந்தச் சிக்கல் இல்லை. கீழே எபிரேய எண்ணையே தருகிறேன்.

2. எல்லா ஊரிலும் ஒரே வாரத்தில் வாசிப்பதில்லை. வாரங்களின் விழா இஸ்ரேலில் ஒரு நாள், வெளிநாடுகளில் இரண்டு நாள். இரண்டாம் நாள் ஓய்வுநாளில் விழுந்துவிட்டால் வெளிநாட்டார் ஒரு வாரம் பின்தங்குவார்கள். 2023இல் இஸ்ரேலில் ஜூன் 17 அன்றும் வெளியே ஜூன் 24 அன்றும் கோராகு வாசிக்கப்பட்டது.

கலகம் ஒன்றல்ல, மூன்று

'கோராகின் கலகம்' என்று ஒருமையில் சொல்வதே பாதி தவறு. உள்ளே மூன்று கூட்டங்கள், மூன்று குறைகள்.

1. கோராகு. லேவி கோத்திரம், கோகாத் குடும்பம். ஆசரிப்புக் கூடாரத்தின் மகா பரிசுத்தமான பொருள்களைத் தோளில் சுமக்கும் குடும்பம் அது. அவன் சாமானியன் அல்ல, ஏற்கெனவே உயர்ந்த இடத்தில் இருந்தவன். அவன் குறை என்ன என்பதை, வேதக் கதைகளை விரித்துச் சொல்லும் மித்ராஷ் மரபிலிருந்து எடுத்து உரையாசிரியர் ராஷி (1040–1105) விளக்குகிறார். கோகாத்துக்கு நான்கு மகன்கள்: அம்ராம், இத்சேயார், எப்ரோன், ஊசியேல். மூத்தவரான அம்ராமின் பிள்ளைகள் இரண்டு பெரிய பொறுப்புகளில் அமர்ந்துவிட்டார்கள்: மோசே தலைவர், ஆரோன் பிரதான ஆசாரியர். அடுத்த பதவி இரண்டாமவரான இத்சேயாரின் மகனாகிய தனக்கு வரும் என்று கோராகு நினைத்திருக்க, கடைசித் தம்பி ஊசியேலின் மகன் எல்சாபானுக்குப் போய்விட்டது (3:30).

2. தாத்தான், அபிராம், ஓன். ரூபன் கோத்திரத்தார். ரூபன் யாக்கோபின் தலைச்சன் மகன், ஆனால் மூத்தவனுக்குரிய தலைமை அவன் வம்சத்துக்குக் கிடைக்கவில்லை. இவர்கள் பேசுவது ஆசாரியத்துவத்தைப் பற்றி அல்ல, அரசியலை. 'பாலும் தேனும் ஓடுகிற தேசம்' என்ற சொற்றொடரை எடுத்து எகிப்துக்கே சூட்டிவிடுகிறார்கள் (16:13). அடிமையாய் இருந்த இடம் அதற்குள் சொர்க்கமாகிவிட்டது.

3. 250 அதிபர்கள். சபையில் பேர்பெற்றவர்கள். 12ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் இப்னு எஸ்ராவின் கணிப்பு, இவர்கள் தலைச்சன் பிள்ளைகள் என்பது. முன்பு பலி செலுத்தும் உரிமை தலைச்சன்களிடம் இருந்தது, அதை லேவியருக்கு மாற்றியதே இவர்களின் கோபம் என்கிறார்.

முடிவும் ஒன்றல்ல. தாத்தானையும் அபிராமையும் பூமி விழுங்கியது, தூபம் காட்டிய 250 பேரை நெருப்பு எரித்தது. கோராகு எதில் செத்தான் என்பது 16ஆம் அதிகாரத்தில் தெளிவாக இல்லை. உபாகமம் 11:6 தாத்தானையும் அபிராமையும் மட்டும் சொல்கிறது. எண்ணாகமம் 26:10 கோராகையும் விழுங்கப்பட்டோரில் சேர்க்கிறது. யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூதில் (சன்ஹெத்ரின் 110அ) இரண்டிலும் அவன் இல்லை என்று ஒரு கருத்து, இரண்டு தண்டனையும் அவனுக்குக் கிடைத்தது என்று இன்னொரு கருத்து. வேதாகம ஆய்வாளர்கள் பலர் இதைத் தனித்தனியான இரண்டு மரபுகள் பின்னப்பட்டதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். மரபான வாசகர்களோ இதைக் கூட்டணியின் குணமாகப் படித்தார்கள்: வெவ்வேறு பசி கொண்டவர்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஏன் அந்த நேரத்தில்?

குறை பழையது, கலகம் வெடித்தது இப்போது. இதற்கு ராம்பான் என்று அழைக்கப்படும் உரையாசிரியர் நாக்மானிதீஸ் (1194–1270) தரும் விளக்கம் எனக்கு எல்லாவற்றிலும் கூர்மையானதாகப் படுகிறது. சீனாய் மலையடியில் மக்கள் மோசேயை நேசித்தார்கள். அப்போது யாராவது எதிர்த்திருந்தால் கல்லெறிந்து கொன்றிருப்பார்கள். ஆகவே கோராகு காத்திருந்தான். முந்தைய பகுதியில், கானானை வேவு பார்த்து வந்தவர்கள் மக்களைப் பயமுறுத்திய சம்பவம் நடந்து, இந்தத் தலைமுறை வனாந்தரத்திலேயே சாகும் என்று தீர்ப்பு வந்துவிட்டது. மக்கள் மனம் கசந்தது, போக இடமில்லை. பழைய குறையைக் கடைவிரிக்க அதுவே தக்க சமயம் என்று அவன் கண்டுகொண்டான்.

கோஷமும் அதன் ஓட்டையும்

'உங்களுக்கு இது போதும். சபையார் எல்லாரும் பரிசுத்தர், கர்த்தர் அவர்கள் நடுவே இருக்கிறார். பிறகு நீங்கள் ஏன் உங்களை உயர்த்திக்கொள்கிறீர்கள்?' என்பது 16:3இன் சாரம். கேட்பவர் காதில் நியாயமாகவே விழும். சீனாயில் கடவுளே இவர்களை ஆசாரிய ராஜ்யம் என்று சொல்லியிருக்கிறார் (யாத்திராகமம் 19:6). உரையாசிரியர்கள் காட்டும் ஓட்டைகள் இவை:

1. கணக்கு இடிக்கிறது. யாருக்கும் தனி இடம் கூடாது என்பது கோஷம். ஆனால் தூபம் காட்டுங்கள், கடவுள் யாரைத் தெரிந்துகொள்கிறார் என்று பார்ப்போம் என மோசே தூபகலசச் சோதனையை முன்வைத்ததும் 250 பேரும் ஆளுக்கொரு கலசத்தோடு வந்து நின்றார்கள். பிரதான ஆசாரியன் ஒருவன்தான், நீங்கள் 250 பேர் அதைக் கேட்கிறீர்கள் என்று மோசே சொன்னதாக ராஷி எழுதுகிறார். பதவியை ஒழிக்க வந்தவன் பதவிக்கு மனு போடமாட்டான்.

2. காலம் மாறியிருக்கிறது. முந்தைய பகுதியின் கடைசி வசனங்கள் ஆடை ஓரத்தில் தொங்கல் கட்டும் கட்டளை. நோக்கம், கட்டளைகளை நினைத்துச் செய்து பரிசுத்தராய் இருப்பது. அங்கே பரிசுத்தம் இனி ஆக வேண்டியது. கோராகின் வாயில் அது ஏற்கெனவே இருப்பது, பிறப்பிலேயே வந்த சொத்து. எருசலேம் அறிஞர் யெஷயாஹு லைபோவிட்ஸ் (1903–1994) இந்த வேறுபாட்டையே மையமாகப் பிடித்தார். பரிசுத்தம் கடமையா, உடைமையா என்பதே அவர் பார்வையில் சண்டை.

3. சட்டத்தைக் கேலி செய்வது. தொங்கலில் ஒரு நூல் நீலமாக இருக்க வேண்டும். முழுவதும் நீலமான அங்கிக்கும் அந்த ஒரு நூல் வேண்டுமா என்று கோராகு கேட்டானாம். வேண்டும் என்றார் மோசே. ஒரு நூல் அங்கியைக் காப்பாற்றும், முழு நீல அங்கி தன்னையே காப்பாற்றாதா என்று சிரித்தார்களாம். மித்ராஷ் சொல்லும் இந்தக் கதையில் அங்கி சபைக்கு உவமை: முழுதும் நீலம் என்றால் தனியே ஒரு நீல நூலாக ஆரோன் எதற்கு? கேள்வி புத்திசாலித்தனமானது. ஆனால் கட்டளை நிறத்தைப் பற்றியது அல்ல, கட்டும் செயலைப் பற்றியது.

பகுதியின் முதல் வார்த்தையே மொழிபெயர்ப்பாளர்களைத் திணறடிக்கும். எபிரேயத்தில் 'கோராகு எடுத்தான்' என்று தொடங்குகிறது, எதை எடுத்தான் என்று இல்லை. தமிழ் மொழிபெயர்ப்பு தாத்தான் முதலானோரைக் 'கூட்டிக்கொண்டு' என்று சமாளித்துவிட்டது. அரமேய மொழிபெயர்ப்பான ஒங்கெலோஸ் 'பிரிந்துபோனான்' என்கிறது. தன்னையே ஒருபுறமாக எடுத்துக்கொண்டான் என்பது ராஷி.

மோசேக்கும் குட்டு உண்டு

மரபு மோசேயை முழுக்க நிரபராதி ஆக்கிவிடவில்லை. கோராகு சொன்ன 'உங்களுக்குப் போதும்' என்பதையே மோசே திருப்பி லேவியரிடம் சொன்னார் (16:7). பின்னாளில் கானானுக்குள் போக விடும்படி அவர் கெஞ்சியபோது, 'உனக்குப் போதும்' என்று அதே சொல்லால் கடவுள் மறுத்தார் (உபாகமம் 3:26). எந்தச் சொல்லால் அடித்தாரோ அந்தச் சொல்லாலேயே பதில் கிடைத்தது என்று தல்மூத் (சோத்தா 13ஆ) இரண்டையும் கோத்துவிடுகிறது. பதவியை நாடியவனை ஒரு தலைவன் எப்படி மடக்கினான் என்பதற்கும் கணக்கு உண்டு.

அவருக்குச் சார்பாகவும் ஒன்று சொல்லப்படுகிறது. ஆள் அனுப்பியும் தாத்தானும் அபிராமும் 'ஏறி வரமாட்டோம்' என்றார்கள். மோசே தாமே எழுந்து அவர்கள் கூடாரத்துக்குப் போனார் (16:25). சண்டையைப் பிடித்துக்கொண்டே இருக்கக்கூடாது என்பதைத் தல்மூத் அறிஞர் ரேஷ் லாகீஷ் இந்த நடையிலிருந்தே எடுத்தார். அதே இடத்தில் ராவ் என்ற இன்னோர் அறிஞர் இன்னும் ஒரு படி போய், சண்டையை நீட்டிப்பவன் 'கோராகையும் அவன் கூட்டத்தையும் போல இருக்கவேண்டாம்' (17:5) என்ற தடையை மீறுகிறான் என்றார். இது தோராவில் உள்ளதாக மரபு எண்ணும் 613 கட்டளைகளில் ஒன்றா என்பதில் பிற்கால அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. சட்ட அறிஞர் மைமோனிதீஸ் அதை எண்ணவில்லை. வாக்கியம் கட்டளையாக அல்ல, இனி இப்படி நேராது என்ற கூற்றாக இருக்கிறது என்பது அவர் வாதம். வேறு சிலர் சேர்த்தே எண்ணினார்கள்.

அப்படியானால் எதிர்த்துப் பேசுவதே பாவமா? இல்லை. தல்மூதுக்கு அடித்தளமான சட்டத் தொகுப்பு மிஷ்னா (ஆவோத் 5ஆம் அதிகாரம்) இரண்டு வகை வாதத்தைப் பிரிக்கிறது. வானத்துக்காக, அதாவது கடவுளுக்காகச் செய்யும் வாதம் நிலைக்கும், அதற்கு எடுத்துக்காட்டு ஹில்லேல், ஷம்மாய் என்ற இரு அறிஞர்கள். வானத்துக்காக அல்லாதது நிலைக்காது, அதற்கு எடுத்துக்காட்டு கோராகும் அவன் கூட்டமும். 'கோராகும் மோசேயும்' என்று வரவேண்டிய இடத்தில் ஏன் கோராகும் கூட்டமும்? மோசே அந்த வகையில் சேராதவர் என்பது ஒரு விடை, கூட்டத்துக்குள்ளேயே சண்டை இருந்தது என்பது இன்னொன்று. கட்சிப் பிளவுகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இரண்டாவது விடை பிடிக்கும். ஹில்லேல், ஷம்மாய் ஆகியோரின் பள்ளிகளோ சட்டத்தில் முட்டிக்கொண்டும் ஒன்றுக்குள் ஒன்று பெண் கொடுத்துப் பெண் எடுத்தன. ஹில்லேல் பள்ளியின் சட்டமே ஏற்கப்பட்டதற்குத் தல்மூத் சொல்லும் காரணமும் கவனிக்கத் தக்கது: எதிர்த்தரப்புக் கருத்தை அவர்கள் தங்கள் கருத்துக்கு முன்பே சொல்லிக்கொடுத்தார்கள் (எருவின் 13ஆ).

உண்மையான விடை 18ஆம் அதிகாரத்தில்

கலகக்காரர்கள் செத்ததும் கதை முடிவதில்லை, செத்ததால் யாரும் ஒத்துக்கொள்ளவும் இல்லை. மறுநாளே சபை முழுவதும் 'கர்த்தரின் ஜனங்களை நீங்கள் கொன்றீர்கள்' என்று முறுமுறுத்தது. வாதையில் 14,700 பேர் இறந்தார்கள். 250 பேரைக் கொன்ற அதே தூபத்தை எடுத்துக்கொண்டு ஆரோன் ஓடி, செத்தவர்களுக்கும் உயிரோடிருப்பவர்களுக்கும் நடுவே நின்று வாதையை நிறுத்தினார். பிறகு கடவுள் தெரிந்துகொண்டவர் யார் என்று காட்டக் கோத்திரத்துக்கு ஒன்றாக 12 கோல்கள் வைக்கப்பட, ஆரோனின் கோல் ஒரே இரவில் துளிர்த்துப் பூத்து வாதுமை காய்த்தது. பயமுறுத்தல் ஒப்புக்கொள்ள வைக்காத இடத்தில் ஒரு கிளை துளிர்த்துக் காட்டியது. எபிரேயத்தில் வாதுமைக்கு ஷாகேத் என்று பெயர். விழித்திருந்து கவனிப்பதைக் குறிக்கும் சொல்லும் அதே வேரிலிருந்து வருகிறது.

அடுத்து வருகிற சட்டத் தொகுப்பைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். 'ஏன் உங்களை உயர்த்திக்கொள்கிறீர்கள்' என்ற கேள்விக்கு நேரான பதில் அங்கேதான் இருக்கிறது. 18:1 ஆரோனிடம் சொல்வது, பரிசுத்த ஸ்தலத்தில் நேரும் குற்றத்தை நீயும் உன் பிள்ளைகளும் சுமப்பீர்கள் என்பது. லேவியர் எல்லை தாண்டினால் அவர்களோடு நீங்களும் சாவீர்கள் (18:3). நிலம் கிடையாது (18:20). பதவியின் பொருள்: காவல், பொறுப்பு, பிறர் களத்தை நம்பிய பிழைப்பு.

13ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் எழுதப்பட்ட செஃபர் ஹஹினுக் என்ற கட்டளை நூல் இந்தப் பகுதியில் 388 முதல் 396 வரை ஒன்பது கட்டளைகளை எண்ணுகிறது. செய் என்பவை ஐந்து, செய்யாதே என்பவை நான்கு:

1. ஆலயத்தைக் காவல் காப்பது.
2. ஆசாரியர் வேலையை லேவியரும், லேவியர் வேலையை ஆசாரியரும் செய்யாதிருப்பது.
3. ஆசாரியர் அல்லாதவர் பலிப்பணி செய்யாதிருப்பது.
4. காவலை நிறுத்தாதிருப்பது.
5. தலைச்சன் ஆண்பிள்ளையை மீட்பது.
6. மாடு, செம்மறி, வெள்ளாடு ஆகியவற்றின் தலையீற்றை மீட்காதிருப்பது.
7. லேவியர் ஆலயப்பணி செய்வது.
8. தசமபாகத்தை லேவியருக்குக் கொடுப்பது.
9. லேவியர் தமக்கு வந்ததில் பத்தில் ஒன்றை ஆசாரியருக்குக் கொடுப்பது.

இரண்டாவது கட்டளை எவ்வளவு கறாராக இருந்தது என்பதற்கு ஒரு சம்பவம். பெரிய அறிஞரான யெஹோஷுவா பென் ஹனன்யா, ஆலயக் கதவை மூட யோஹனன் பென் குத்கதாவுக்கு உதவப் போனார். இருவரும் லேவியர்களே. ஆனாலும் யோஹனன் தடுத்தார்: 'மகனே, திரும்பிப் போ. நீ பாடகர் பிரிவு, கதவடைப்போர் பிரிவு அல்ல' (அராகின் 11ஆ).

காவலோ வெறும் அலங்காரம் அல்ல. இரவில் 24 இடங்களில் ஆள் நிற்க வேண்டும், ஆசாரியர் 3 இடங்களில், லேவியர் 21 இடங்களில். மேற்பார்வையாளர் தீவட்டியோடு சுற்றி வருவார். தூங்கிக்கொண்டிருப்பவனைத் தடியால் அடிப்பார், அவன் ஆடைக்குத் தீ வைக்கவும் அவருக்கு அனுமதி உண்டு (மித்தோத் 1:2). கோராகு ஆசைப்பட்ட உலகம் உள்ளே இப்படித்தான் இருந்தது.

இன்றும் நடப்பவை: தலைச்சன் மீட்பு

எபிரேயப் பெயர் பித்யோன் ஹாபென். தொகை 18:16இல் ஐந்து சேக்கல் வெள்ளி. இன்றைய கணக்கில் 96 முதல் 100 கிராம் வரை சுத்த வெள்ளி என்பது வழக்கமான கணிப்பு. அமெரிக்காவில் பழைய வெள்ளி டாலர் ஐந்து கொடுப்பதுண்டு. ஒன்றில் ஏறத்தாழ 24 கிராம் சுத்த வெள்ளி இருப்பதால் ஐந்தில் 120 கிராம் வந்துவிடும். பிறந்து 30 நாள் முழுதாக முடிந்து 31ஆம் நாளில் தந்தை ஆசாரிய வம்சத்து ஒருவரிடம், அதாவது ஒரு கோஹேனிடம், கொடுப்பார். 'உமக்கு எது வேண்டும், பிள்ளையா ஐந்து காசா?' என்று கோஹேன் சடங்காகக் கேட்பார்.

வழக்கமாகத் தவறு நேரும் இடங்கள்:

1. அறுவைச் சிகிச்சையில் பிறந்த பிள்ளைக்கு இது இல்லை. வசனம் கர்ப்பத்தைத் திறந்து பிறந்ததையே சொல்கிறது. அடுத்த பிள்ளை இயல்பாகப் பிறந்தாலும் அது தலைச்சன் ஆகாது.
2. தந்தை கோஹேன் அல்லது லேவியன் என்றாலும், தாய் அவர்களின் மகள் என்றாலும் விலக்கு. இதில் தாய்வழியை மறந்துவிடுகிறார்கள்.
3. ரூபாய்த் தாளோ காசோலையோ செல்லாது. தனக்கென்று மதிப்புள்ள பொருள் வேண்டும்.
4. 31ஆம் நாள் ஓய்வுநாளில் வந்தால் தள்ளிவைக்க வேண்டும். இது பணப் பரிமாற்றம்.

தந்தை செய்யத் தவறினால் பிள்ளை வளர்ந்து தானே மீட்டுக்கொள்ள வேண்டும். கால்நடை விஷயத்தில் நிலைமை நேர்மாறு, பசுவின் ஆண் தலையீற்றை மீட்க வழியில்லை. ஆலயம் இல்லாததால் பலியிடவும் முடியாது. ஆகவே இஸ்ரேலின் பண்ணைகளில் சினைப்பசுவின் ஒரு பங்கை ஈனும் முன்பே யூதர் அல்லாதவருக்கு விற்றுவிடுவார்கள். அதனால் கன்று அந்தச் சட்டத்துக்குள் வராது.

தசமபாகக் கணக்கு

முதலில் கோஹேனுக்குத் தெரூமா என்ற காணிக்கைப் பங்கு. தோராவில் அளவு இல்லை. மிஷ்னா தாராளக்காரனுக்கு 40இல் ஒன்று, நடுத்தரத்துக்கு 50இல் ஒன்று, கஞ்சனுக்கு 60இல் ஒன்று என்கிறது. 100 கிலோ கோதுமையில் நடுத்தர அளவில் 2 கிலோ போனால் மீதி 98. அதில் பத்தில் ஒன்று, 9.8 கிலோ, லேவியனுக்கு. லேவியன் அதில் 0.98 கிலோவைக் கோஹேனுக்குக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவனும் கொடுக்கிறவனாக இருக்கிறான், கவனியுங்கள். விவசாயியிடம் 88.2 கிலோ நிற்கும். அதிலிருந்து வேறு பகுதிகளின் சட்டப்படி, ஆண்டைப் பொறுத்து, இரண்டாம் தசமபாகமோ ஏழைகளின் தசமபாகமோ இன்னொரு 8.82 கிலோ.

இன்று இஸ்ரேல் மண்ணில் விளைந்தவற்றுக்கு, கடைக்குச் சான்று இல்லாவிட்டால், வீட்டிலேயே பிரிக்கிறார்கள். நூற்றில் ஒன்றுக்குச் சற்று அதிகம் எடுத்துவைப்பார்கள். அந்தச் 'சற்று' தெரூமா, நூற்றில் ஒன்று லேவியன் தரவேண்டியது. மற்ற பங்குகள் குவியலின் வடபுறம், தென்புறம் என்று வாய்ச்சொல்லால் குறிக்கப்படும். இரண்டாம் தசமபாகம் ஒரு நாணயத்துக்கு மாற்றப்படும். எடுத்துவைத்ததை இரண்டு உறையில் சுற்றி எறிந்துவிடுவார்கள். பிணத்தீட்டுள்ள கோஹேன் அதை உண்ணக்கூடாது, தீட்டு நீக்கும் செங்கிடாரியின் சாம்பல் இப்போது இல்லை. அந்தச் செங்கிடாரியைப் பற்றியதுதான் அடுத்த வாரப் பகுதி.

கோராகின் பிள்ளைகள்

'கோராகின் குமாரரோ சாகவில்லை' என்று 26:11 போகிறபோக்கில் சொல்கிறது. சங்கீதங்களில் 11 அவர்கள் பெயரைத் தாங்கியவை: 42, 44 முதல் 49 வரை, 84, 85, 87, 88. தீர்க்கதரிசி சாமுவேலும் 1 நாளாகமம் 6இன் வம்ச அட்டவணைப்படி கோராகின் வழித்தோன்றல். இந்த வாரம் தோராவுக்குப் பின் வாசிக்கும் தீர்க்கதரிசனப் பகுதி (1 சாமுவேல் 11:14–12:22) அவருடையதே. ராஜா வேண்டும் என்று கேட்ட மக்களிடம் 'யாருடைய எருதை எடுத்தேன், யாருடைய கழுதையை எடுத்தேன்?' என்கிறார். ஒரு கழுதையைக்கூட எடுத்ததில்லை என்று கோராகின் கூட்டத்துக்கு எதிராக மோசே சொன்ன வாக்கு அது (16:15). இப்போது கோராகின் வம்சத்தான் வாயிலிருந்து வருகிறது. 47ஆம் சங்கீதத்தை யூதப் புத்தாண்டு நாளில் எக்காளம் ஊதும் முன் ஏழு முறை சொல்வார்கள். 49ஆம் சங்கீதம் துக்க வீட்டில் சொல்லப்படுகிறது.